ஊர்ச் சிவன் கோயில் திருப்பணிக்கு அரசு நிதி: கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்டவை

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் விமானத்தில் அரசங்கன்று முளைத்து, அது மரமாகி, வேர் செங்கல்லுக்குள் இறங்கிய பிறகுதான் எல்லோருக்கும் கோயில் ஞாபகம் வந்தது. பங்காளிகளின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் செய்தித்தாள் நறுக்கு ஒன்றைப் போட்டார். ஆயிரம் ஆண்டு பழமையான கோயில்களைப் புதுப்பிக்க அரசு 100 கோடி ரூபாய் ஒதுக்கீடு. அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். "சென்னையில இருக்கிறவன் நீதான், நாலு ஆபீஸ் ஏறி இறங்கப் பழக்கம், நீயே பேசு" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் என் சேமிப்பிலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேல் போனது, சனி ஞாயிறெல்லாம் போனது, ஊரில் இரண்டு பேரோடு பேச்சுவார்த்தையும் போனது. தேடிப் பார்த்தால் எத்தனை கோடி ஒதுக்கினார்கள் என்ற அறிவிப்புதான் கிடைக்கிறது. ஒரு சின்ன கிராமத்துக் கோயில் அந்தப் பணத்தின் பக்கத்தில் போக என்னென்ன வேண்டும் என்று படிப்படியாக யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இது.

முதலில், எந்தப் பணத்தைக் கேட்கப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நாங்கள் எல்லாவற்றையும் சேர்த்து "கவர்ன்மெண்டு பணம்" என்றே பேசிக்கொண்டிருந்தோம். இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் 38,000க்கு மேற்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றின் ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்கும் கீழே. அதாவது நம்மைப்போலக் கை ஏந்தி நிற்கும் கோயில்கள்தான் அதிகம். 2022-23 நிதிநிலை அறிக்கையில் சொன்ன அந்த 100 கோடி, ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கோயில்களுக்கானது. கிராமப்புறக் கோயில் திருப்பணி நிதி என்பது வேறு. நான் விசாரித்தபோது அதில் கிராமப்புறக் கோயில்கள் 1,250, ஆதிதிராவிடர் வசிக்கும் பகுதிக் கோயில்கள் 1,250, தலா 2 லட்சம் ரூபாய் என்று இருந்தது. அதற்கு முன் 1 லட்சமாக இருந்ததை உயர்த்தியிருந்தார்கள். இவை தவிர, அறநிலையத் துறைச் சட்டத்தின் 97ஆம் பிரிவில் பொதுநல நிதி என்று ஒன்று உண்டு. வருமானமுள்ள கோயில்களின் உபரியிலிருந்து வசதியில்லாத கோயில்களுக்குத் தருவது அது. கடைசியாக உபயதாரர் நிதி. அது நம் ஆட்களின் பணம்தான், ஆனாலும் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்லைத் தொடக்கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தகுதி. 2 லட்சம் ரூபாய்த் திட்டத்தை நம்பி விமானத்தைப் பிரித்துப் போட்டுவிட்டால் அப்புறம் ஆண்டவனே நேரில் வந்தாலும் மூட முடியாது. சாரம் கட்டவே பாதிப் பணம் போய்விடும்.

அடுத்த சிக்கல் பணத்தைப் பற்றியதே இல்லை. கோயில் யாருடையது என்பது. எங்கள் ஊரில் கேட்டால் "இதென்ன தம்பி கேள்வி, நம்ம கோயில்" என்பார்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்திலும் ஒரு தாள்கூட நகராது. கோயில் துறையின் பட்டியலில் இருக்கிறதா, அறங்காவலர் இருக்கிறாரா, இல்லையென்றால் அவருக்குப் பதிலாகத் துறை நியமித்த பொறுப்பாளரான தக்கார் யார், வங்கிக் கணக்கு கோயில் பெயரில் இருக்கிறதா, இதெல்லாம் தெரிய வேண்டும். எங்கள் கோயிலுக்கு வங்கிக் கணக்கு இருந்தது. ஆனால் அது என்றைக்கோ காலமாகிவிட்ட ஒரு பெரியவரின் கையெழுத்தில் உறங்கிக்கொண்டிருந்தது. அதை மீட்டு எடுக்க வாரிசு, தீர்மானம், தக்கார் கையெழுத்து என்று ஒரு தனிப் புராணம் நடந்தது. அரசு நிதி தனி ஆள் கைக்கு வராது, கோயில் கணக்குக்குத்தான் வரும். ஆகவே கணக்கு சரியாக இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு சொத்துப் பதிவேடு இருக்க வேண்டும். நிலம், நகை, திருமேனிகள், பாத்திரம் பண்டம் எல்லாம் அதில் வரும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். நேரில் கேட்டுக் கிடைக்கவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போட்டால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். எனக்கு வந்த நகலில் கோயிலின் சர்வே எண் ஒன்றாகவும், வட்டாட்சியர் அலுவலகத்து நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் வேறாகவும் இருந்தது. நில அளவை மறுபடி நடந்தபோது எண் மாறியிருக்கிறது, கோயில் பதிவேட்டில் யாரும் திருத்தவில்லை. இதை நேர் செய்யாமல் மதிப்பீடு தயாரித்திருந்தால் பாதி வழியில் நின்றிருக்கும். அந்த நேரத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. விமானத்தில் மரம் வளர்ந்துகொண்டிருக்கிறது, நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இனி வயது. "ஆயிரம் வருஷக் கோயில்" என்று தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் சொல்வார்கள். எழுத்தில் கேட்டால்? தல புராணம் சான்றாகாது. எங்கள் கோயில் அதிட்டானத்தில், அதாவது சுவருக்குக் கீழுள்ள அடிப்பீடத்தில், கல்வெட்டு இருந்தது, அதன்மேல் வருஷா வருஷம் அடித்த சுண்ணாம்பு ஓர் அங்குலக் கனத்துக்கு உட்கார்ந்திருந்தது. சுரண்டிப் படிக்கலாம் என்று ஊர்ப் பையன்கள் உளியோடு வந்துவிட்டார்கள். நல்லவேளை, அன்று என்னோடு வந்திருந்த ஓய்வுபெற்ற கல்வெட்டு ஆய்வாளர் தடுத்தார். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, மெல்லிய தூரிகையால் தேய்த்துத் தேய்த்து எடுத்தோம். வெயில் சாய்கிற நேரத்தில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து எழும்பி வருகிறது, நேராகப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. "ஸ்வஸ்திஸ்ரீ கோப்பரகேசரிபன்மர்க்கு யாண்டு" என்று தொடங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை, சோழன் பெயர் கிடைத்துவிட்டதே என்று. அவர் சிரித்தார். சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டவர்கள். விஜயாலயனும் பரகேசரி, முதல் பராந்தகனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி, முதல் ராஜேந்திரனும் பரகேசரி. "மதுரை கொண்ட" என்று முன்னால் இருந்தால் பராந்தகன் என்று சொல்லிவிடலாம். வெறும் கோப்பரகேசரி என்றால் எழுத்தமைதியை, அதாவது எழுத்தின் வடிவத்தை, பார்த்துத்தான் காலம் சொல்ல வேண்டும், அதுவும் ஏறத்தாழத்தான். எங்களுடையது பத்தாம் நூற்றாண்டு எழுத்து என்று குறிப்பு எழுதிக் கொடுத்தார்.

கல்வெட்டு உள்ள கோயில் என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். மத்தியத் தொல்லியல் துறையினர் 1887 முதல் ஊர் ஊராகப் போய்ப் படியெடுத்து, ஆண்டறிக்கைகளில் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பெயர் அதில் இருக்க வாய்ப்பு அதிகம். பழைய தாலுகா பெயரில் தேட வேண்டும், இன்றைய மாவட்டப் பெயரில் தேடினால் கிடைக்காது. எங்கள் ஊர் அகப்பட்டது. அரசாங்கத்தின் அச்சிட்ட அறிக்கையில் கோயில் பெயர் இருப்பதுபோல ஒரு பலம் வேறு எதற்கும் இல்லை. அதே மாதிரி புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் 1950களிலிருந்து எடுத்த கோயில் படங்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. திருடுபோன ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் சிலை 2014இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்ததே, திருட்டை நிரூபிக்க உதவியவை அந்தத் தொகுப்பின் படங்கள்தான். திருப்பணி தொடங்கினால் சன்னதிகள் திறந்து கிடக்கும், ஆட்கள் வந்து போவார்கள். திருமேனிகளை நாலு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, தேதி போட்டு, ஒரு பிரதியைத் துறையிலும் கொடுத்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

இப்போது பணம் போன கதை. மதிப்பீடு வேண்டும் என்றவுடன், ஊர்க்காரர் ஒருவர் சிபாரிசில் ஒரு தனியார் பொறியாளரிடம் போனோம். வீடு கட்டுகிறவர், கெட்டிக்காரர். அளவெடுத்து, கணினியில் வரைபடம் போட்டு, 40 லட்சத்துக்கு மதிப்பீடு தந்தார். அதற்கு அவர் கூலி 55,000, என் பணம். பார்க்க அழகாக இருந்தது. உள்ளே படித்தால் விமானத்துக்கு சிமெண்ட் பூச்சு, மகா மண்டபத்துக்கு கிரானைட் தளம், கருங்கல் சுவருக்கு மணல் வீசிச் சுத்தம் செய்வது, வெளியே எனாமல் பெயிண்ட். இது எதுவும் தேறாது என்று வல்லுநர் குழுவை அறிந்த ஒரு ஸ்தபதி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். "சார், இதைக் கொண்டுபோய்க் கொடுத்தீங்கன்னா முதல் பக்கத்துலயே சுழிச்சிடுவாங்க." பழைய கோயில் வேலை என்றால் மண்டலக் குழு, மாநில வல்லுநர் குழு என்று இரண்டு இடத்தில் பார்ப்பார்கள். தொல்லியல் தெரிந்தவர், ஸ்தபதி, கட்டுமானப் பொறியாளர், ஆகமம் அறிந்தவர் எல்லாம் அதில் உண்டு. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பழங்கோயில்கள், தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்பு பற்றி 75 உத்தரவுகள் பிறப்பித்தது. அதற்கப்புறம் கையில் அகப்பட்டதைப் பூசிவிட்டுப் போகும் காலம் முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் கெடுபிடி பிடித்திருக்கிறது. மணல் வீச்சில் பட்டுப்போன கல்வெட்டுகளைப் பக்கத்து ஊரில் பார்த்திருக்கிறேன். கல் புதுசுபோலப் பளிச்சென்று இருக்கும், எழுத்து இருக்காது. கிரானைட் தளம் போட்டால் தரை உயர்ந்து, கீழ்வரிக் கல்வெட்டு மண்ணுக்குள் போவதுபோலப் போய்விடும்.

ஆக 55,000 வீண். மறுபடி ஸ்தபதி, துறையின் பொறியாளர் எல்லோரும் பார்த்து, சுண்ணாம்பு வேலையாக மதிப்பீடு மாறியது. இந்த இடைவெளியில் விலைப்பட்டியல் புதிதாக வந்துவிட, தொகையை மறுபடி திருத்த வேண்டியதாயிற்று. பொதுப்பணித் துறை விலைப்பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பங்குனியில் கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஏப்ரல் தாண்டினால் எல்லா எண்ணும் பழசாகிவிடும். இன்னொன்று, கடுக்காய்ச் சுண்ணாம்பு வேலைக்கு ஆகும் கூலியும் நாளும் சிமெண்ட் வேலையைவிட மிக அதிகம். மதிப்பீட்டில் அதைக் குறைத்துப் போட்டால் ஒப்பந்தக்காரர் ஒத்துக்கொள்வார், பிறகு கலவையில் சிமெண்டைக் கலப்பார். குறைந்த தொகை கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கை கோயிலுக்குக் கெடுதல்.

ஊருக்கு வருகிறேன். துபாயில் இருக்கும் உறவினர் ஒருவர் 5 லட்சம் தருவதாகச் சொன்னார், ஒரே நிபந்தனையோடு: அடுத்த தை மாதம் கும்பாபிஷேகம். அவர் லீவு அப்போதுதான். ஊரே அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டது. அனுமதி வரவில்லை, வேலை நடக்கும்வரை சுவாமியைத் தற்காலிகமாக வேறிடத்தில் வைக்கும் பாலாலயம் ஆகவில்லை, இவர்கள் பத்திரிகை அடிக்கும் காகிதம் பார்க்கிறார்கள். நான் வேண்டாம் என்றதற்கு "படிச்சவன் எல்லாத்துலயும் குத்தம் கண்டுபிடிப்பான்" என்று பேச்சு வாங்கினேன். திருப்பணிக் குழு என்ற பெயரில் ரசீது புத்தகம் அடித்து வசூலும் தொடங்கிவிட்டார்கள். அதற்கும் துறையின் அனுமதி வேண்டும் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. தக்கார் ஊருக்கு வந்து எச்சரித்த பிறகுதான் நிறுத்தினார்கள். இதற்கிடையில் மடப்பள்ளிச் சுவரையாவது சரி செய்வோம் என்று குழுவினர் ஓர் ஒப்பந்தக்காரரைப் பிடித்து, என்னிடம் முன்பணம் கேட்டார்கள். ஒன்றே முக்கால் லட்சம் கொடுத்தேன். மறுத்தால் ஊருக்குள் போக முடியாது என்ற நிலைமை. அந்த ஆள் இரண்டு நாள் கலவை போட்டு, பழைய செங்கல் சுவரில் சிமெண்ட் பூசிவிட்டு, வேறு வேலைக்குப் போனவர் போனவர்தான். போன் எடுப்பதில்லை. அனுமதிக்கு முன் செய்த செலவு எந்தக் கணக்கிலும் ஏறாது, எந்த நிதியிலிருந்தும் திரும்ப வராது. மழைக்காலம் முடிந்ததும் அந்தப் பூச்சு வயிறு ஊதினதுபோலப் புடைத்துக்கொண்டு நின்றது. தட்டினால் பொத் என்று சத்தம். பழைய செங்கல் ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே விடும். சிமெண்ட் விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வந்து, செங்கல்லின் முகத்தையே மாவாக உதிர்த்துவிடுகிறது. பூச்சைப் பெயர்த்தபோது செங்கல்லின் மேல் பாகம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. துபாய் உறவினர் தையில் வந்தார், சாரம்கூடக் கட்டவில்லை என்று கோபித்துக்கொண்டு போனார். இன்று வரை பேசுவதில்லை. கும்பாபிஷேகத் தேதியைக் கடைசியாக வையுங்கள். யார் எத்தனை லட்சம் காட்டினாலும் சரி.

ஒருவழியாக அனுமதி வந்தது. எங்களுக்கு ஒரே மூட்டையாகக் கிடைக்கவில்லை. விமான வேலைக்கு ஒரு பகுதி அரசு நிதி, மண்டப மேல்தளத்துக்கு உபயதாரர்கள், மதில் பிற்பாடு என்று பிரித்துத்தான் கிடைத்தது. பிரித்துக் கேட்டால்தான் நகரும் என்று சொன்னவர் பகுதி ஆய்வாளர். அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நாம் அலுவலகத்தில் கத்தாமல், தாளில் என்ன குறை என்று கேட்டால் பல பேர் சொல்லிக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். மேல்தளத்தில் அதுவரை யாரோ போட்டிருந்த கனமான கான்கிரீட்டை எடுத்துவிட்டு, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டை ஓடு பதித்தார்கள். எடை குறைந்ததும் விரிசல் விட்டிருந்த உத்திரக் கல்லுக்கு மூச்சு வந்தது என்றார் ஸ்தபதி.

சுண்ணாம்பு வேலையை நீங்களே ஒரு முறையாவது கிட்ட நின்று பாருங்கள், ஏமாறாமல் இருக்க அதுதான் வழி. சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, வாரக் கணக்கில் தண்ணீருக்கு அடியிலேயே வைத்திருந்தார்கள். கடுக்காயை உடைத்துத் தனியே ஊறப்போட்டு, வெல்லமும் சேர்த்து, புளிக்கவிட்டு வடித்த பழுப்புத் தண்ணீரைக் கலவையில் ஊற்றி அரைத்தார்கள். அந்த இடம் முழுக்க ஒரு புளித்த வாடை. பெரிய கொத்தனார் அரைத்த கலவையைக் கரண்டியில் அள்ளித் தலைகீழாகத் திருப்பிப் பிடிப்பார். விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால்தான் மேலே அனுப்புவார், விழுந்தால் "இன்னும் அரைங்கடா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். பூசிய பிறகு ஈரச் சாக்குப் போட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். அவசரப்படுத்தினால் முடி முடியாக வெடிக்கும். அரச மரத்தையும் இழுத்துப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் வேரோடு பாதி விமானம் வந்துவிடும். அடியில் அறுத்து, வேரில் மருந்து வைத்து, செத்து உலர்ந்த பிறகு செங்கல்லை ஒவ்வொன்றாக எண் போட்டு எடுத்து, வேரை உருவி, அதே இடத்தில் திரும்ப வைத்தார்கள். இதற்கெல்லாம் நாள் பிடிக்கும் என்பதை மதிப்பீட்டிலேயே எழுத வைத்துவிட்டால் பிற்பாடு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

என் அனுபவத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப எங்க தாத்தா வீட்டுக்கும் இப்படி வாங்கலாமா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தனியார் பழைய வீட்டைச் செப்பனிட நேரடியாகப் பணம் தரும் திட்டம் எதுவும் என் கண்ணில் படவில்லை. பழைய கட்டடங்களின் பாதுகாப்புக்காக 1984இல் தொடங்கிய இன்டாக் அமைப்பு ஆலோசனைக்கும் ஆவணப்படுத்தவும் உதவும், பணத்துக்கு நாம்தான். இதில் ஒன்றைக் கவனியுங்கள். வீடோ கோயிலோ, பக்கத்தில் மத்தியத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னம் இருந்தால், அதிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் முறைப்படுத்தப்பட்ட பகுதி. பழுது பார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, பக்கத்து ஊருக்கு இருந்தது.

வேலை முடிந்த பிறகு கணக்கு. செலவுச் சீட்டு, அளவுப் புத்தகம், வேலைக்கு முன், நடுவில், பின் எடுத்த படங்கள் எல்லாம் ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். நான் மண்டபத்துத் தூண்களில் பென்சிலால் சின்னக் குறி போட்டு, எங்கே நின்று படம் எடுப்பது என்று முடிவு செய்து வைத்திருந்தேன். அது பிறகு மிகவும் உதவியது. மூல ஆவணம் எதையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு மனுவுக்கும் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். திருப்பணி முடிந்து பூஜை நின்றுபோனால் இரண்டு மழையில் பழையபடி செடி முளைக்கும். அதனால் ஒரு கால பூஜைத் திட்டத்துக்கும் கையோடு மனு கொடுங்கள். அதில் கோயில் பெயரில் வைப்பு நிதி போட்டு, வட்டியில் தினப்படி பூஜை நடக்கும். குருக்கள் தினமும் வந்தால் விளக்கு எரியும், அவர் கண்ணில் விமானத்துச் செடியும் படும். வருஷத்துக்கு இரண்டு தடவை ஆள் ஏற்றிக் கன்றுகளைக் கிள்ளிப் போட ஆகும் செலவை ஊர்ப் பொதுக் கணக்கில் எழுதச் சொல்லியிருக்கிறேன். எழுதியிருக்கிறார்கள். மதில் சுவருக்கான மதிப்பீடு இப்போது மண்டலக் குழுவில் இருக்கிறது. தெற்குப் பக்கத்து அஸ்திவாரம் பற்றிக் கேள்வி கேட்டு வந்திருக்கிறது, அடுத்த சனிக்கிழமை ஸ்தபதியோடு போய்க் குழி தோண்டிப் பார்க்க வேண்டும்.